ஏட்டிலுள்ள உரிமையை எடுத்துக் கொடுப்போர்



ஒரு சமுதாயம் கல்வியில் உயர்ந்துவிட்டது என்று சொல்வதற்குப் பட்டங்களின் எண்ணிக்கை மட்டும் போதாது. தனக்குரிய உரிமை எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தேடிக் கண்டெடுக்கும் ஆற்றலும் அதற்கு வேண்டும். வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது, மருத்துவர், பொறியாளர், வழக்குரைஞர் என எல்லாரும் அறிந்த தொழில்களை விடுத்து, அதிகம் பேசப்படாத ஒரு பணியின் வரலாற்றை எடுத்துரைக்க விழைந்தேன். பல்கலைக்கழகச் சட்ட நூலகத்தில் குறிப்புதவி நூலகராகப் பணியாற்றுவதே அது.

குறிப்புதவி நூலகர் என்பவர் நூல்களை அடுக்கி வைத்து இரவல் கொடுப்பவர் மட்டும் அல்லர். வினாவோடு வருபவரின் தேவையைக் கேட்டு விளங்கிக்கொண்டு, அதற்குரிய விடை எந்த நூலில், எந்தப் பக்கத்தில் உள்ளது எனக் காட்டுபவர் அவர்.

இப்பணி நம் நாட்டில் வேரூன்றிய இடம் சென்னை. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த சீர்காழி இரா. அரங்கநாதன் 1924ஆம் ஆண்டு சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். இலண்டன் சென்று நூலகக் கல்வி பயின்று 1925இல் திரும்பினார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பதையும், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பதையும் உள்ளிட்ட ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். வாசகரின் காலத்தை வீணாக்கலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. 1933இல் வெளியான அவரது கோலன் பகுப்பு முறையில் சட்டத் துறைக்கு ஆங்கில நெடுங்கணக்கின் இறுதி எழுத்து குறியீடாக அமைந்தது.

அதே 1924ஆம் ஆண்டில் அதே சென்னையில் நிகழ்ந்த மற்றொன்றையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறி, 25.9.1924 நாளிட்ட 2660ஆம் எண் அரசாணை பிறந்தது. பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் நடக்கவும், பொதுக் கிணறு, குளங்களைப் பயன்படுத்தவும், பொது அலுவலகங்களுக்குள் செல்லவும் எவருக்கும் தடையில்லை என்பதே அதன் சாரம். ஆணை அச்சாயிற்று. ஆனால் தெருவில் மறிக்கப்பட்ட மனிதன் அதன் எண்ணையும் நாளையும் எடுத்துச் சொல்லாதவரை அது அவனுக்கு உதவவில்லை. எழுத்தில் பிறந்த உரிமைக்கும் அதற்கு உரியவனுக்கும் இடையே எடுத்துக் கொடுக்க ஒருவர் தேவைப்பட்டார்.

நிலத்தின் கதையும் இதுவே. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமென்கீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பிறந்த அரசாணையின்படி தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலங்கள் வழங்கப்பட்டன. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது இதனையே. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கலாகாது, அதன் பின்னரும் பிற வகுப்பாருக்குக் கைமாற்றலாகாது என்பன நிபந்தனைகள். அந்த ஆணையையும் நிலப் பதிவேட்டையும் கண்டெடுத்துக் காட்ட வல்லவர் இல்லாத ஊர்களில், நிலம் கைமாறியது முறைகேடு என்பதை எவ்வாறு மெய்ப்பிக்க இயலும்?

சட்ட நூலகத்தின் வேலை ஏனைய நூலகங்களின் வேலையினும் கடினமானது. காரணம் யாதெனில், சட்டம் மாறிக்கொண்டே இருக்கும். ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். “ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226” என்று ஒரு குறிப்பு உண்டு. அகில இந்தியத் தீர்ப்புத் திரட்டு, 1951ஆம் ஆண்டுத் தொகுதி, உச்ச நீதிமன்றப் பகுதி, 226ஆம் பக்கம் என்பது அதன் பொருள். அப்பக்கத்தில் இருப்பது சென்னை மாகாண அரசுக்கும் செண்பகம் துரைராசனுக்கும் இடையிலான வழக்கின் தீர்ப்பு. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களிலும் 2 இடங்களைத் தாழ்த்தப்பட்டோருக்கும், எஞ்சியவற்றைப் பிற வகுப்புகளுக்கும் பகிர்ந்தளித்த வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் நீதிமன்றம் கூறியது.

இப்பக்கத்தை மட்டும் படிக்கும் மாணவன் இட ஒதுக்கீடு அன்றே முடிந்தது என்று எண்ணிவிடுவான். திறமுள்ள குறிப்புதவி நூலகர் அவனை அவ்வளவில் அனுப்பமாட்டார். அதே ஆண்டு சூன் மாதத்தில் அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15ஆம் உறுப்பில் நான்காம் உட்பிரிவு சேர்க்கப்பட்டதையும் எடுத்து வைப்பார். அப்போது சட்ட அமைச்சராக இருந்தவர் டாக்டர் அம்பேத்கர். தீர்ப்பையும் திருத்தத்தையும் அருகருகே வைத்துப் படிப்பவனுக்கே உண்மை விளங்கும்.

தீண்டாமைக் குற்றச் சட்டமும் அத்தகையதே. 1955இல் இயற்றப்பட்டபோது, நீதிமன்ற அனுமதியுடன் இருதரப்பும் சமரசம் செய்துகொள்ள அதில் இடமிருந்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வழியை அடைத்ததோடு, சட்டத்திற்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயரும் இட்டது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. பழைய நூலை மட்டும் வைத்திருப்பவர் “சமாதானமாகப் போய்விடுங்கள்” என்பார். புதிய நூலைக் காட்டுபவர் ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பார்.

ஆயினும் இப்பணிக்கு ஓர் எல்லை உண்டு. வழக்கில் வெற்றி கிட்டுமா என்று நூலகர் கூறலாகாது. அது வழக்குரைஞரின் வேலை. ஒரு தரப்புக்கு ஆதரவான தீர்ப்பை எடுத்துக் கொடுத்து, எதிரான தீர்ப்பை மறைப்பதும் ஆகாது. நமக்கு எதிரான பக்கத்தையும் நாமே முதலில் படித்திருத்தல் நமக்கே நலம்.

சென்னைச் சட்டக் கல்லூரி 1891இல் தொடங்கப்பெற்றது. 1990இல் டாக்டர் அம்பேத்கர் பெயரை ஏற்றது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் 1997இல் தோன்றியது. 2019இல் சேலத்திற்கும் அரசு சட்டக் கல்லூரி வந்தது. கொலம்பியாவிலும் இலண்டனிலும் நூலகங்களே வாழ்வாகக் கொண்டு பயின்று, 1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரான பெருந்தகையின் பெயர் தாங்கிய நிலையங்களில், நூலகர் நாற்காலியிலும் நம் பிள்ளைகள் அமர வேண்டாமா?

கணிப்பொறி வந்தபின் நூலகர் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இணையத்தில் கட்டணமின்றிக் காணலாம் என்பது மெய்யே. ஆனால் 1.7.2024 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்து, பிரிவு எண்களெல்லாம் மாறின. பழைய எண்ணைச் சொல்லித் தேடுபவருக்குப் புதிய எண்ணைக் காட்டவும், குற்றம் நடந்த நாளில் எது நடைமுறையில் இருந்தது எனப் பார்க்கச் செய்யவும் பயின்ற மனிதரே வேண்டும்.

செம்மநத்தத்தில் இருப்போர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டத் தொழிலாளி 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைக் கேட்டால், அது 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்துள் சேர்க்கப்பட்ட செய்தியையும் உடன் சொல்லுதல் வேண்டும். மலையாளி மக்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை எடுத்துக் காட்டுதல் வேண்டும். மலையிறங்கிச் சென்று கேட்பதற்கும் நம்மவர் ஒருவர் அங்கிருத்தல் நலம்.

இளைஞர்களே! பட்டப்படிப்பை முடித்தபின் நூலக அறிவியலில் முதுகலை பயிலுங்கள். பல்கலைக்கழக உதவி நூலகர் பதவிக்கு அப்பட்டத்தில் 55 விழுக்காடும், நம் போன்றோர்க்கு 50 விழுக்காடும், அதனுடன் தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் கேட்கப்படுகின்றன. எட்டாத உயரமன்று. நம் கழகமும் தன் படிப்பகத்தில் ஓர் அலமாரியை ஒதுக்கி, மேற்சொன்ன சட்டங்களையும் ஆணைகளையும் திருத்தங்களுடன் தொகுத்து வைக்குமாயின், அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணிக்கு அது நல்லதொரு தொடக்கமாக அமையும்.