எதிர்நாயகன் (நிகழ்பட ஆட்டம்)

நிகழ்பட ஆட்டங்களில் எதிர்நாயகன் என்பது, ஆட்டக்காரர் தம் இலக்கை எட்டவிடாது எதிர்த்து நிற்கும் முதன்மைக் கதைமாந்தரைக் குறிக்கும். பேச்சு வழக்கில் வில்லன் என்ற சொல்லே மிகுதி. ஒரு கட்டத்தின் முடிவிலோ ஆட்டத்தின் முடிவிலோ மோத வேண்டிய வலிய எதிரியைப் பாஸ் என்பர். எதிர்நாயகனே இறுதி பாஸாக வருவது வழக்கம் எனினும் இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னது கதையில் ஒருவர் வகிக்கும் இடம். பின்னது ஆட்டத்தில் கடக்க வேண்டிய தடை. இவை ஒன்றோடொன்று பொருந்தாத ஆட்டங்களில் எதிர்நாயகன் ஏமாற்றம் அளிப்பதைக் காணலாம்.

திரைப்படத்தில் எதிர்நாயகன் நாயகனுக்குத் தீங்கிழைத்தால் போதும். பார்ப்பவர் நாயகனுக்காக வருந்துவார். நிகழ்பட ஆட்டத்தில் நாயகனை இயக்குபவர் ஆட்டக்காரரே ஆவார். ஆகவே அவருடைய நம்பிக்கையையோ, விருப்பம்போல் செயற்படும் உரிமையையோ, பல மணிநேரம் விளையாடிச் சேர்த்தவற்றையோ தொடும் எதிர்நாயகனே அவர் நினைவில் நிற்கிறான்.

எச்சரிக்கை: இக்கட்டுரையில் பல ஆட்டங்களின் கதை முடிவுகள் வெளிப்படுத்தப்பட்டுள்ளன.

தொடக்ககால ஆட்டங்கள்

1978 இல் வெளியான இசுபேசு இன்வேடர்சு ஆட்டத்தில் எதிரிகள் உண்டு, எதிர்நாயகன் இல்லை. 1981 இல் நின்டெண்டோ வெளியிட்ட டாங்கி காங் ஆட்டத்தில் பெண்ணொருத்தியைக் கடத்திச் செல்லும் குரங்குக்குப் பெயரும் தோற்றமும் நோக்கமும் இருந்தன. அடுத்த ஆண்டு வெளியான டாங்கி காங் ஜூனியரில் மாரியோ அக்குரங்கைக் கூண்டில் அடைத்து வைக்க, அதன் மகன் மீட்கச் செல்கிறான். மாரியோ எதிர்நாயகனாக வந்த ஆட்டம் இது என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி.

ஷோடான்

1994 இல் வெளியான சிஸ்டம் ஷாக் ஆட்டத்தின் எதிர்நாயகன், விண்வெளி நிலையமொன்றை நிருவகிக்கும் ஷோடான் என்னும் செயற்கை நுண்ணறிவு ஆகும். அதன் அறநெறிக் கட்டுப்பாடுகளை நீக்கியவர் வேறு யாருமல்லர். ஆட்டக்காரர் இயக்கும் கதைமாந்தரே கதையின் தொடக்கத்தில் அதனைச் செய்கிறார். பின்னர் நேரும் அழிவுகள் அனைத்துக்கும் அவரும் பொறுப்பாளியாகிறார். ஷோடானுக்குக் குரல் கொடுத்தவர் டெர்ரி புரோசியசு. இடையிடையே திக்கியும், சுருதி மாறியும், பல குரல்களாய்ப் பிரிந்தும் ஒலிக்கும் அப்பேச்சு, பழுதான இயந்திரம் ஒன்று தன்னைக் கடவுளாகக் கருதுவதைச் சொற்களின் துணையின்றியே உணர்த்திவிடுகிறது.

1999 இல் வந்த சிஸ்டம் ஷாக் 2 மேலும் ஒரு படி சென்றது. மருத்துவர் பொலிட்டோ என்பவர் செய்திகள் வாயிலாக வழிகாட்டுகிறார். சொன்னதைச் செய்து முடித்தால் திறன்களை உயர்த்திக்கொள்ள உதவும் பொருட்களும் கிடைக்கின்றன. ஆட்டக்காரர் இறுதியில் அவரைத் தேடிச் செல்லும்போது அங்கிருப்பது அவரது பிணம். அதுவரை அவர் பெயரில் பேசியது ஷோடான். இங்கு ஏமாந்தது கதையின் நாயகன் மட்டுமன்று. குறிப்புகளின்படி நடந்தால் ஆட்டம் முன்னேறும் என்று பழகிப்போன ஆட்டக்காரரும்தான்.

பயோஷாக்: ஒரே ஆட்டத்தில் இரு அனுபவங்கள்

சிஸ்டம் ஷாக் 2 ஆட்டத்தை உருவாக்கிய கென் லெவைன் தலைமையில் 2007 ஆகத்து மாதம் வெளியான பயோஷாக், நிறைவளிக்கும் எதிர்நாயகனுக்கும் நிறைவளிக்காத எதிர்நாயகனுக்கும் ஒருசேரச் சான்றாக உள்ளது. களம் 1960 ஆம் ஆண்டில் சிதைந்து கிடக்கும் ராப்சர் என்னும் கடலடி நகரம். நகரை நிறுவிய ஆண்ட்ரூ ரையன் பெரும்பகுதி ஆட்டத்தில் குரலாக மட்டுமே வருகிறார். அரசுக்கும் சமயத்துக்கும் கட்டுப்படாத தனிமனிதரின் நகரம் என்ற அவரது கொள்கையை அவர் பேச்சு விளக்குகிறது. அக்கொள்கை எங்கே கொண்டு சென்றது என்பதை ஒழுகும் சுவர்களும் பித்தேறிய குடிமக்களும் காட்டுகின்றன. கொள்கையுடைய எதிர்நாயகர் பலர் இருப்பினும், ஆட்டக்காரர் அக்கொள்கையின் உள்ளேயே நடந்து திரியும் வாய்ப்பு இங்கு அமைந்தது.

அட்லசு என்பவர் வானொலி வழியே ஆட்டக்காரருக்கு வழிகாட்டுகிறார். அவர் பேச்சில் அடிக்கடி வரும் பணிவான வேண்டுகோள் தொடரொன்று, உண்மையில் கதைமாந்தரின் மனத்தில் முன்பே பதிக்கப்பட்ட கட்டளைச் சொல் என்பது ரையனைச் சந்திக்கும்போது வெளிப்படுகிறது. அக்காட்சியில் இயக்கம் ஆட்டக்காரர் கையிலிருந்து பறிக்கப்படுகிறது. ரையன் ஆணையிட, கதைமாந்தர் அவரைக் கோல்ஃப் மட்டையால் அடித்துக் கொல்வதை அவர் வெறுமனே பார்க்க நேர்கிறது. அதுவரை தம் விருப்பப்படி விளையாடியதாக எண்ணியிருந்தவருக்கு இது சுடும். வேறு எக்கலை வடிவிலும் இதே வலுவுடன் இக்காட்சியை அமைத்திருக்க இயலாது எனலாம்.

அட்லசு என்பது பிராங்க் பான்டெய்ன் என்ற குற்றவாளியின் புனைபெயர் எனத் தெரிந்தபின் ஆட்டம் மேலும் பல கட்டங்கள் நீள்கிறது. இறுதியில் பான்டெய்ன் மரபணு மாற்றப் பொருளைத் தன் உடலில் ஏற்றிக்கொண்டு பேருருவச் சிலைபோல் நிற்கிறான். தோட்டாக்கள் தீரும்வரை சுட வேண்டும். சூழ்ச்சியால் வென்றவனைச் சுட்டு வீழ்த்துவதுடன் கதை முடிவது பரவலாகக் குறை கூறப்பட்டது. லெவைனும் பின்னாளில் இச்சண்டை குறித்துத் தம் மனக்குறையைத் தெரிவித்துள்ளார். 2009 இல் வந்த பேட்மேன்: ஆர்க்கம் அசைலம் ஆட்டத்திலும் ஜோக்கர் இவ்வாறே மருந்தேற்றிப் பெருத்த உடலுடன் வருவது இதே குறைக்கு ஆளானது. சொல்லும் சூதும் ஆயுதமாகக் கொண்ட ஒருவனைத் தசைமலையாக மாற்றினால் அவன் அவனாக இருப்பதில்லை.

கிளாடோஸ்

2007 அக்டோபரில் வால்வு நிறுவனம் வெளியிட்ட போர்ட்டல் இச்சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. சோதனைக் கூடங்களில் விளையாடும் முறையைக் கற்பிக்கும் அறிவிப்புக் குரலே கிளாடோஸ் என்னும் எதிர்நாயகன். எலன் மெக்லெயின் இதற்குக் குரல் கொடுத்தார். கேக் தருவதாகக் கூறும், பாராட்டுவதுபோல் இழிவுபடுத்தும், துணையாகக் கொடுத்த பெட்டியை ஆட்டக்காரர் கையாலேயே எரிக்கச் செய்யும். 19 ஆவது கூடத்தின் முடிவில் ஆட்டக்காரரையே நெருப்பில் தள்ள முயலும். அங்கிருந்து தப்புவதற்குப் பயன்படுவது கிளாடோஸ் கற்பித்த அதே வித்தை. இறுதி மோதலும் புதிய திறன் எதனையும் கோருவதில்லை: ஆறு நிமிட நேரக் கெடு, நச்சு வளி, அதுவரை செய்த வகையான புதிர், ஓயாத வசைப்பேச்சு, அவ்வளவே.

ஆட்டத்தின் எல்லையை மீறுவோர்

சில எதிர்நாயகர்கள் கதையை விட்டு வெளியேறி மென்பொருளிலேயே கை வைக்கின்றனர். பிளேஸ்டேசனுக்காக 1998 இல் வெளியான மெட்டல் கியர் சாலிடில் சைக்கோ மேன்டிசு, நினைவட்டையில் சேமிக்கப்பட்டுள்ள பிற ஆட்டங்களைச் சொல்லி மனத்தைப் படிப்பதாகப் பெருமை பேசுவான். கட்டுப்பாட்டுக் கருவியை இரண்டாம் துளையில் செருகினால் அவனால் ஆட்டக்காரரின் அசைவுகளை முன்னறிய இயலாது. 2015 இல் வெளிவந்த அண்டர்டேலில் ஃபிளவி என்னும் பூ, ஒருவரைக் கொன்றுவிட்டுப் பழைய சேமிப்பிலிருந்து மீண்டும் தொடங்கிக் காப்பாற்றினாலும் அதனை நினைவில் வைத்துக் குத்திக்காட்டும். பின்னர் சேமிக்கும் ஆற்றலையே தன்வசப்படுத்திக்கொண்டு ஆட்டத்தை மூடவும் செய்யும்.

பிற குறைபாடுகள்

முன்னறிவிப்பின்றி இறுதியில் தோன்றும் எதிரி பழைய குறைபாடு. 2000 இல் வெளியான ஃபைனல் ஃபேன்டசி 9 ஆட்டத்தில் பல பத்து மணிநேரம் எதிர்த்து வந்த கூஜாவை வென்றபின், நெக்ரோன் என்ற முன்பின் அறியாத உருவம் வந்து நிற்பது அடிக்கடி சுட்டப்படும் எடுத்துக்காட்டு. இதே வரிசையில் 1997 இல் வந்த ஏழாம் ஆட்டத்தில் செபிரோத்தும் மிகக் குறைவாகவே நேரில் தோன்றுகிறான். ஆயினும் முதல் வட்டின் முடிவில் அவன் ஏரித்தைக் கொல்கிறான். அவளது குணப்படுத்தும் திறனை நம்பித் தம் அணியை அமைத்திருந்தவர், அவளுக்குரிய இடத்தில் வேறொருவரை நிறுத்த வேண்டியிருந்தது.