நூற்பெட்டியோடு ஒரு துறவி

கடந்த ஆண்டு மழைக்காலத்தில், வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் புறப்படவிருந்த இளைஞர் ஒருவர் ஆசீர் பெறுவதற்காகப் பங்கு இல்லத்திற்கு வந்தார். ஆசீர் அளித்த பின்னும் தயங்கி நின்றார். "சாமி, பெட்டியில் விவிலியம் வைத்துவிட்டேன். 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தையும் வைக்கலாம் என்று ஆசை. அந்த இடத்தில் செபப் புத்தகம் ஒன்றை வை என்கிறார் அம்மா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். மூன்றையும் வையுங்கள், எடை மிகுந்தால் சட்டை ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சென்றுவிட்டார்.

அவர் சென்ற பின்னும் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. இறைவனுக்கு உரியவன் இறைநூல் அல்லாத நூலை நேசிக்கலாமா? ஊரைவிட்டுப் போகிறவன் எந்த நூலைக் கொண்டுபோவது, எதை விட்டுச்செல்வது? இக்கேள்வி ஏறத்தாழ ஆயிரத்து அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பெரும் புனிதரை உறங்கவிடாமல் வாட்டியிருக்கிறது. அவரே எரோணிமுஸ் என்று நம் முன்னோர் அழைத்த புனித ஜெரோம். எபிரேய மூலத்திலிருந்து பழைய ஏற்பாட்டை இலத்தீனில் பெயர்த்தவர் என்றே அவரை அறிவோம். நூல்களின் மீது அவர் கொண்டிருந்த தீராத காதலையும், அந்தக் காதலால் அவர் பட்ட பாட்டையும் அவருடைய கடிதங்களே நமக்குச் சொல்கின்றன.

கனவில் நடந்த விசாரணை

தல்மாத்தியாவுக்கும் பன்னோனியாவுக்கும் இடைப்பட்ட எல்லைப்புறத்தில் ஸ்திரிதோன் என்னும் சிற்றூரில், 347-ஐ ஒட்டிய காலத்தில் ஜெரோம் பிறந்தார். பின்னாளில் கோத்தியர் அந்த ஊரையே அழித்துவிட்டனர். சிறுவயதிலேயே உரோமைக்கு அனுப்பப்பட்டு, தோனாத்துஸ் என்னும் புகழ்பெற்ற இலக்கண ஆசிரியரிடம் பயின்றார். வெர்ஜிலின் கவிதையும் சிசரோவின் உரைநடையும் அவருடைய குருதியில் கலந்தன. அச்சு இயந்திரம் இல்லாத காலம் அது. ஒரு நூல் வேண்டுமென்றால் கையால் படி எடுக்க வேண்டும், அல்லது பொருள் கொடுத்து எடுக்கச் செய்ய வேண்டும். அவ்வாறு அரும்பாடுபட்டு அவர் உரோமையில் ஒரு நூலகத்தைச் சேர்த்தார்.

துறவு நாட்டம் அவரைக் கீழ்த்திசைக்கு இழுத்தது. வீட்டையும் பெற்றோரையும் உடன்பிறந்தாளையும் விட்டார்; பழகிப்போன நல்லுணவை விடுவது அதனினும் கடினமாக இருந்தது, அதையும் விட்டார். நூல்களை மட்டும் விட முடியவில்லை. பெட்டியோடு புறப்பட்ட அவர் அந்தியோக்கியாவை அடைந்தார். பின்னர் எழுதியதில் தம் நிலையை அவர் சற்றும் மறைக்கவில்லை. சிசரோவைப் படிப்பதற்கு முன் நோன்பிருப்பாராம். பழைய பாவங்களை நினைத்து இரவெல்லாம் அழுதுவிட்டு, பிளாட்டஸின் நாடகத்தைக் கையில் எடுப்பாராம். இறைவாக்கினரைத் திறந்தாலோ அவர்களுடைய நடை கரடுமுரடாகப்பட்டு அவருக்குக் கசந்ததாம்.

ஒரு தவக்காலத்தின் நடுவில் கடும் காய்ச்சல் கண்டது. அடக்கத்திற்கு ஏற்பாடு செய்யும் அளவுக்கு நோய் முற்றியபோது, நடுவர் ஒருவரின் இருக்கைமுன் தாம் இழுத்துச் செல்லப்படுவதாக உணர்ந்தார். நீ யார் என்ற வினாவுக்குத் தாம் கிறிஸ்தவர் என்று அவர் விடையளிக்க, நடுவரோ அதை மறுத்து, அவர் சிசரோவுக்கு உரியவரேயன்றிக் கிறிஸ்துவுக்கு உரியவர் அல்லர் என்று தீர்ப்பளித்தார். கசையடி விழுந்தது. இனி உலகியல் நூல்களை வைத்திருப்பதில்லை, படிப்பதில்லை என்று ஆணையிட்ட பின்னரே விடுபட்டார். விழித்தபோது தோள்கள் கன்றிப்போயிருந்தன என்றும் சொல்கிறார்.

இதை அவர் எழுதியது 384-இல், எவுஸ்தோக்கியம் என்னும் இளம் கன்னிக்கு வரைந்த நெடிய கடிதத்தில். மேலை நாட்டுத் துறவியர் பலர் அக்கதையைப் படித்து அஞ்சினர். பிற்காலத்தில் சில மடங்களிலும் குருமடங்களிலும் இலக்கிய நூல்கள் ஐயத்தோடு பார்க்கப்பட்டதற்குப் பின்னாலும் இக்கனவின் நிழல் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடிதமே உரையாடல்

காய்ச்சலிலிருந்து பிழைத்தவர் சிரியாவின் கால்கிஸ் பாலைநிலத்திற்குச் சென்றார். அங்கும் நூல்கள் உடன் சென்றன. படி எடுப்பதற்கு இளைஞர் சிலரும் இருந்தனர். அங்கிருந்து நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் நூற்பட்டியலே இடம்பெறுகிறது. இன்ன உரைநூலுக்கு ஒரு படி வேண்டும், திரியர் நகரில் தாமே படியெடுத்துக் கொடுத்த புனித இலாரியின் நூல் திரும்ப வேண்டும் என்றெல்லாம் கேட்கிறார்.

மூன்று நண்பர்களுக்குச் சேர்த்து அவர் எழுதிய ஒரு கடிதம் அயல்நாட்டில் வாழ்ந்த எவரும் நெஞ்சுருகிப் படிக்கத்தக்கது. அந்த இடத்தில் இலத்தீன் அறிந்தது அவர்கள் அனுப்பிய மடல் ஒன்றுதானாம். ஆகவே அதனோடு பேசுகிறாராம், அதைத் தழுவிக்கொள்கிறாராம், அதுவும் அவரோடு பேசுகிறதாம். சுற்றிலும் வழங்கும் மொழியைப் பாதி பேச்சு என்று இகழவும் செய்கிறார். உரோமைக் கல்வி தந்த செருக்கு இன்னும் அவரை விட்டுப் போகவில்லை.

அந்தச் செருக்கை உடைத்தது எபிரேயமே. கிறிஸ்தவராகியிருந்த யூதர் ஒருவரிடம் அவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். சிசரோவின் ஆற்றொழுக்கில் திளைத்தவருக்கு மூச்சிரைக்கும் அந்த ஒலிகள் வேதனையாக இருந்தன. பலமுறை கைவிட்டார், கற்கும் ஆவலால் பலமுறை மீண்டும் தொடங்கினார். கசப்பான அந்த விதையிலிருந்து பின்னர் இனிய கனிகளைப் பறித்ததாக முதுமையில் நன்றியோடு நினைவுகூர்கிறார்.

382-இல் உரோமைக்குத் திரும்பித் திருத்தந்தை தமாசுவின் செயலராகப் பணியாற்றினார். மார்செல்லா, பவுலா போன்ற உயர்குடிப் பெண்கள் அவரிடம் விவிலியம் கற்றனர். அவர்களே அவருடைய முதற்பெரும் வாசகர்கள். அவர்கள் ஐயங்களைக் கேட்டுக்கேட்டே அவருடைய பல உரைகள் பிறந்தன. தமாசு 384-இன் இறுதியில் மறைந்தார். ஜெரோமின் கூரிய நாக்கு நகரில் பகைவர் பலரைச் சேர்த்திருந்தது. 385-இல் உரோமையை விட்டு வெளியேறினார். பிறகு அவர் அங்குத் திரும்பவேயில்லை.

பெத்லகேமின் நூலகம்

386-இல் பெத்லகேமில் குடியேறினார். பவுலாவும் அவர் மகள் எவுஸ்தோக்கியமும் உடன் வந்தனர். பவுலாவின் செல்வத்தால் ஆண்களுக்கு ஒரு மடமும் பெண்களுக்கு மடங்களும் திருப்பயணியருக்கு ஒரு விடுதியும் எழுந்தன. அங்கே பரனினா என்னும் யூத ஆசிரியர், தம் இனத்தாருக்கு அஞ்சி, நிக்கதேமைப் போல இரவில் வந்து அவருக்குக் கற்பித்தார். செசரியாவில் பாம்பிலுஸ் திரட்டிய நூலகத்தையும் ஜெரோம் பயன்படுத்தினார். பன்னிரு இறைவாக்கினருக்கு ஒரிஜன் எழுதிய உரையை, மறைச்சாட்சியான அந்தப் பாம்பிலுசே தம் கையால் படியெடுத்திருந்தார். இருபத்தைந்து தொகுதிகளாலான அந்தப் படி ஜெரோமுக்குக் கிட்டியபோது, குரோசஸ் மன்னனின் செல்வமே தமக்குக் கிடைத்துவிட்டதாக மகிழ்ந்தார்.

பெத்லகேமிலிருந்து உலகெங்கும் கடிதங்கள் சென்றன. 403-ஐ ஒட்டி லேத்தா என்னும் தாய்க்கு அவர் எழுதியது அவற்றுள் இனிமையானது. அவருடைய குழந்தையை எப்படி வளர்ப்பது என்பதே பொருள். மரத்திலோ தந்தத்திலோ எழுத்துகள் செய்து கொடுங்கள், குழந்தை விளையாடியே கற்கட்டும் என்கிறார். பிறகு வாசிப்பு வரிசையைச் சொல்கிறார். முதலில் திருப்பாடல்கள், அடுத்து நீதிமொழிகள், சபை உரையாளர், யோபு, பின்னர் நற்செய்திகள், திருத்தூதர் பணிகள், திருமுகங்கள், அதன்பின் இறைவாக்கினரும் வரலாற்று நூல்களும், உள்ளம் பக்குவப்பட்ட பிறகே இனிமைமிகு பாடல். நூலின் பொன்முலாமைப் பார்க்காமல் பிழையற்ற பாடத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் அவர் அறிவுரை. குழந்தையைப் பெத்லகேமுக்கு அனுப்பினால் தாமே தோளில் சுமந்து, மழலை பேசிக் கற்பிப்பதாக முதுமையில் வாக்களிக்கிறார். பேரரசனுக்குக் கற்பித்த அரிஸ்டாட்டிலைவிடத் தமக்கே பெருமை மிகுதியாகுமாம். இந்தியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் துறவியர் தம்மிடம் நாள்தோறும் வருவதாகவும் இதே கடிதத்தில் குறிப்பிடுகிறார். நம் நாட்டின் பெயர் அவர் பேனாவில் வந்த இடங்களுள் இதுவும் ஒன்று.

எல்லா வாசகரும் இணங்கிப் போகவில்லை. யோனாவுக்கு நிழல் தந்த செடியைப் பழைய பெயர்ப்பு சுரை என்றது. ஜெரோம் அதைப் படர்கொடி வகை ஒன்றின் பெயரால் குறித்தார். வடஆப்பிரிக்காவின் ஓயா நகரில் இப்புதிய பாடம் கோவிலில் வாசிக்கப்பட்டபோது மக்கள் கொதித்தெழுந்ததாகப் புனித அகுஸ்தினார் அவருக்கு எழுதினார். தமிழ் விவிலியம் அதே செடியை ஆமணக்கு என்கிறது! அகுஸ்தினாரும் ஜெரோமும் ஒருமுறையும் நேரில் சந்தித்ததில்லை. அகுஸ்தினாரின் கடிதம் ஒன்று ஜெரோமின் கைக்கு வருமுன் இத்தாலியில் பலர் கைகளுக்குப் போய்ச் சேர்ந்து, இருவருக்கிடையே மனக்கசப்பையும் விளைத்தது.

நண்பரின் குற்றச்சாட்டு

அதனினும் ஆழமான காயம் இளமைத் தோழர் ரூபினுசால் வந்தது. ஒரிஜனைப் பற்றிய சர்ச்சையில் இருவரும் பிரிந்தனர். 401-ஐ ஒட்டி ரூபினுஸ் எழுதிய நூலில் பழைய கனவை வெளியே இழுத்தார். இறைவன்முன் ஆணையிட்டவர் அதை மீறிவிட்டார். பெத்லகேமில் சிறுவருக்கு வெர்ஜிலையும் நாடகங்களையும் கற்பிக்கிறார். ஒலிவ மலைத் துறவியரைக் கொண்டு சிசரோவின் உரையாடல்களைப் படியெடுக்கச் செய்திருக்கிறார் என்றெல்லாம் அடுக்கினார்.

ஜெரோமின் மறுமொழியில் சினம் மிகுதி. அதற்கிடையே உண்மையும் உண்டு. கனவில் சொன்ன சொல்லுக்கு ஒருவனைக் கட்டலாமா என்று கேட்கிறார். இளமையில் கற்றதை எப்படி மறப்பது என்றும் கேட்கிறார். நரைத்து வழுக்கை விழுந்த இந்த வயதிலும், சுருண்ட முடியோடும் மாணவர் உடையோடும் ஆசிரியர் முன் சொற்பொழிவாற்ற நிற்பதாகக் கனவு வருகிறதாம். விழித்ததும், நல்லவேளை பேச வேண்டியதில்லை என்று மகிழ்கிறாராம்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே மாக்னுஸ் என்னும் உரோமைச் சொல்லாசிரியருக்கு இன்னும் நிதானமான விடை தந்திருந்தார். புனித பவுல் கிரேக்கக் கவிஞரின் வரிகளை எடுத்தாளவில்லையா? தாவீது கோலியாத்தின் வாளைக் கொண்டே அவன் தலையைக் கொய்யவில்லையா? இணைச்சட்ட நூல் சிறைப்பட்ட பெண்ணின் முடியையும் நகத்தையும் களைந்து மனைவியாக ஏற்க வழி சொல்கிறது. அவ்வாறே உலக ஞானத்தையும் தூய்மைப்படுத்தி ஏற்கலாம் என்கிறார்.

வாதங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆயினும் என்னை நம்பவைத்தது பின்னர் நிகழ்ந்த ஒன்று.

உரோமை வீழ்ந்தபோது

410 ஆகஸ்ட் மாதத்தில் அலாரிக்கின் படை உரோமைக்குள் புகுந்தது. முதிய வயதில் அடிபட்ட மார்செல்லா சில நாள்களில் இறந்தார். செய்தி பெத்லகேமை அடைந்தபோது எசேக்கியேல் நூலுக்கு உரை எழுதிக்கொண்டிருந்த ஜெரோமுக்கு எழுத்து ஓடவில்லை. நேற்றுவரை செல்வராயிருந்தோர் ஏதிலியராய் மடத்தின் வாயிலில் வந்து நின்றனர். விவிலியத்தின் சொற்களைச் செயலாக்க வேண்டிய வேளை இது என்று கருதி, உரையை ஒதுக்கிவைத்து அவர்களைக் கவனித்தார்.

மார்செல்லாவின் தோழிக்குப் பின்னர் எழுதிய நினைவுக் கடிதத்தில் அந்த வீழ்ச்சியை அவர் சொல்ல முயல்கிறார். முதலில் இறைவாக்கினர் எசாயாவின் சொற்கள் வருகின்றன. அடுத்து எருசலேமின் அழிவைப் புலம்பும் திருப்பாடல். அதை அடுத்து, துரோய் நகரம் எரிந்த இரவைப் பாடும் வெர்ஜிலின் அடிகள்! எந்தக் கவிஞரைத் துறப்பதாக ஆணையிட்டாரோ, அவரே ஊரை இழந்த வேளையில் துணைக்கு வந்தார். தாவீதின் அருகில் வெர்ஜிலும் நின்று அழுதார். பிறந்த சிற்றூரும் அழிந்து, வளர்ந்த பெருநகரும் வீழ்ந்த பின், அயல்நாட்டில் அந்த முதியவரின் கையில் எஞ்சியிருந்தது படித்தவை மட்டுமே.

கனவில் கேட்கப்பட்ட கேள்வியை நாம் சற்றே தவறாகப் புரிந்துகொண்டுவிட்டோமோ என்று நினைக்கிறேன். உன் பெட்டியில் என்ன இருக்கிறது என்று நடுவர் கேட்கவில்லை. நீ யாருக்கு உரியவன் என்றுதான் கேட்டார். அதற்கு விடை தெளிவாகும்வரை சிசரோ ஜெரோமுக்கு எசமானராக இருந்தார். தெளிந்த பின் வேலையாளாகி, விவிலியத்தை இலத்தீனில் வடிக்கக் கைகொடுத்தார். கற்ற நூல் அதே நூல்தான். அதற்கு உள்ளத்தில் அளிக்கப்பட்ட இருக்கை மாறிவிட்டது. ஆகவே நூலை அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அஞ்சத்தான் வேண்டும்.

ஜெரோம் 420-ஐ ஒட்டிப் பெத்லகேமிலேயே கண்மூடினார். செப்டம்பர் 30-இல் அவரை நினைவுகூர்கிறோம்.

வளைகுடா சென்ற இளைஞரிடமிருந்து இவ்வாண்டு உயிர்ப்பு விழா அன்று கைபேசியில் செய்தி வந்தது. அறையில் அவரோடு தங்கியிருக்கும் தமிழர் மூவரும் முதல் பாகத்தை மாறி மாறிப் படித்துவிட்டார்களாம். ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது இரண்டாம் பாகத்தைக் கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். விவிலியத்தைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. இரண்டாம் பாகத்தை வாங்கி வைத்திருக்கிறேன். அதனோடு ஒரு கடிதமும் போகும். அதில் அந்த ஒரு கேள்வியை மட்டும் எழுதுவேன்.