கட்டுப்பாட்டுப் பரப்பு அடைப்பு (சறுக்கு வானூர்தி)

கட்டுப்பாட்டுப் பரப்பு அடைப்பு என்பது, கிளைடர் எனப்படும் சறுக்கு வானூர்தியின் இறக்கை, வால் ஆகியவற்றுக்கும் அவற்றின் பின்புறம் கீலில் அசையும் பரப்புகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மூடும் மெல்லிய பட்டை ஆகும். வானூர்தியைப் பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரான், மூக்கை உயர்த்தித் தாழ்த்தும் எலிவேட்டர், திசை திருப்பும் சுக்கான் ஆகியன இத்தகைய அசையும் பரப்புகள். பட்டை சிறிதெனினும், அது பழுதுற்றால் வானோடியின் கட்டுப்பாடே கெடக்கூடும்.

தேவை

பறக்கும்போது இறக்கையின் கீழ்ப்புறத்தில் காற்றழுத்தம் மேற்புறத்தைவிட மிகுதியாக இருக்கும். கீலோர இடைவெளி திறந்திருந்தால் காற்று கீழிருந்து மேலே கசிந்து, மேற்புறத்தின் சீரான காற்றோட்டத்தைக் குலைக்கிறது. இதனால் ஏற்றவிசை குறைகிறது, இழுவை கூடுகிறது, எய்லரானின் திறனும் குறைகிறது.

1957-இல் ஜெர்மனியில் முதன்முதலில் பறந்த எஃப்.எஸ். 24 ஃபீனிக்ஸ், கண்ணாடியிழையால் அமைந்த முதல் சறுக்கு வானூர்தி ஆகும். அதன் வழிவந்த பல வானூர்திகளின் சறுக்கு விகிதம் 40-ஐத் தாண்டியது. அதாவது, அமைதியான காற்றில் 1 கி.மீ. உயரம் இழப்பதற்குள் 40 கி.மீ.க்கு மேல் செல்ல இயலும். இந்நிலையில் சிறு கசிவும் பொருட்படுத்தத் தக்கதாகிறது.

அமைப்பு

பரவலாகப் பயன்படுவது வளைவாக வார்க்கப்பட்ட மைலார் பட்டை. இதன் முன்விளிம்பு இறக்கையில் ஒட்டப்படும். பின்விளிம்பு ஒட்டப்படாது, தன் வளைவின் விறைப்பால் அசையும் பரப்பின்மேல் படிந்து வழுக்கும். உராய்வைக் குறைக்க அவ்விடத்தில் டெஃப்ளான் நாடா ஒட்டுவதுண்டு.

பரிசோதனை

1. பட்டையின் முன்விளிம்பு எங்கேனும் பெயர்ந்துள்ளதா எனப் பார்த்தல். பெயர்ந்த இடத்தில் காற்று புகுந்து பட்டையைத் தூக்கிவிடும்.
2. பரப்பை இரு எல்லைகள் வரையும் அசைத்தல். பட்டையின் பின்விளிம்பு இடைவெளிக்குள் விழுந்தால், பரப்பு திரும்பும்போது சிக்கிக் கட்டுப்பாடு இறுகிவிடலாம். இதுவே மிகப் பெரிய இடர்.
3. மடக்குத்தட்டு உள்ள வானூர்திகளில், அதன் ஒவ்வொரு நிலையிலும் எய்லரானை மீண்டும் அசைத்துப் பார்த்தல். பலவற்றில் இவ்விரண்டும் இணைந்தே நகர்கின்றன.
4. விரிசல், வளைவு தட்டையாதல், அடியில் தங்கிய தூசி, ஈரம் ஆகியவற்றைக் கவனித்தல்.

பராமரிப்பு

வெயிலாலும் ஈரத்தாலும் பசை வலுவிழக்கிறது. பெயர்ந்த பட்டையின்மேல் வேறு நாடாவை அடுக்குதல் கூடாது. பழையதை நீக்கி, எஞ்சிய பசையைத் தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும் கரைப்பானால் துடைக்க வேண்டும். கடுமையான கரைப்பான்கள் மேற்பூச்சைக் கெடுக்கும். புதிய பட்டையின் அகலமும் தடிமனும் கையேட்டில் உள்ளவாறே இருத்தல் வேண்டும்.

கீலுக்குப் பின்னால் சேரும் சிறு எடையும் அசையும் பரப்பின் எடைச் சமநிலையை மாற்றும். சமநிலை கெட்டால், வேகமாகப் பறக்கும்போது பரப்பு கட்டுக்கடங்காமல் அதிர்ந்து உடையலாம். எனவே பட்டைகளை மாற்றியபின் அசைவுக் கோணங்களையும், கையேடு கோருமிடத்து எடைச் சமநிலையையும் அளந்து, வானூர்தியின் பதிவேட்டில் குறித்தல் வேண்டும்.