கிடுகு என்னும் கேடகம்

யாழ்ப்பாணத்தில் ஐப்பசி மழை இறங்குமுன் வீடு வேய்ந்து முடித்துவிடவேண்டும். பழைய கிடுகு அதற்குள் உக்கிப் போயிருக்கும். அதைப் பிடுங்கித் தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்ப்பார்கள். வரிச்சில் புதுக்கிடுகு ஏறும். கூரைக்கு மட்டுமல்ல, சுவருக்கும் கிடுகுதான். சுவராக நிற்கையில் அதற்குச் செத்தை என்று பெயர். குத்தூசியோடு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் நின்று, கயிற்றை வாங்கி இறுக்கிக் கட்டுவார்கள். கட்டி முடிந்ததும் அகப்பையும் அரிவாளும் செருகி வைக்க அந்தச் செத்தையே இடம் கொடுக்கும்.

தமிழ்நாட்டில் பலர் கீற்று என்பதைத்தான் நாங்கள் கிடுகு என்கிறோம். தென்னோலையை நடு மட்டையோடு இரண்டாகக் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பதமானதும் பின்னுவது. இவ்வளவு எளிய பொருளின் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடினால், முதலில் எதிர்ப்படுவது ஒரு போர்க்கருவி.

பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் குடியிருப்பைக் காட்டுகிறார். நீண்ட தூண்டில் கோல்கள் சார்த்திய குறுங்கூரை வீடுகள். அவற்றுக்கு உவமை, நடுகல்லைச் சுற்றிக் கிடுகுகளை வரிசையாக நிறுத்தி வேல் ஊன்றிய அரண். அங்கே கிடுகு என்றால் கேடகம். ஆனால் உவமையைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். வேலுக்கு ஈடு தூண்டில் கோல். கிடுகுக்கு ஈடு எது? தாழ்ந்து சரிந்த அந்தக் கூரைதான். கேடகமும் கூரையும் அந்தப் புலவரின் கண்ணில் ஏற்கெனவே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இந்த ஒரு உவமைக்காகவே நான் பட்டினப்பாலையைத் திரும்பத் திரும்ப எடுப்பதுண்டு.

அகராதிகள் கிடுகுக்கு இன்னும் சில பொருள் தருகின்றன. அவற்றில் சட்டப்பலகை ஒன்று. தேரின் மரச்சுற்று மற்றொன்று. வீரனின் கையில் இருந்தது தேரில் இருப்பவனைச் சுற்றியும் நிற்கிறது. பிறகு குடும்பத்தைச் சுற்றி நிற்கிறது. ஒரு சட்டத்தில் பிணைத்து, உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருந்து வருவதற்கும் நடுவே நிறுத்தும் தட்டு: இந்தக் கருத்துத்தான் எல்லாப் பொருளையும் கோக்கிறது. ஓலை என்பது அதில் ஒட்டிய ஒரு விவரம்.

ஆயினும் கேடகம் முந்தியது, செத்தை பிந்தியது என்று வரிசை கட்ட எனக்கு மனமில்லை. ஏட்டில் முதலில் ஏறுவது போர். குடிசைக்குத் தட்டி பின்னியவளின் சொல்லை யார் பாட்டில் வைத்தார்கள்? பிரம்பால் முடைந்த கேடகமும் பின்னல் வேலைதான். பின்னத் தெரிந்த கை முதலில் தன் குடிலை மறைத்திருக்கும் என்றே நம்புகிறேன்.

பின்னிய இந்த ஓலைக்கு இலங்கை ஆங்கிலத்தில் கஜான் என்பார்கள். அது தமிழோ சிங்களமோ அல்ல. கஜாங் என்ற மலாய்ச் சொல். மலாய் நாட்டில் படகில் பயணம் போகிறவர்களுக்கு மேலே கவிக்கும் ஓலைக்கூரைக்கும் அதுதான் பெயர். தேரைப் போலவே படகு. அங்கும் ஓடும் வீட்டுக்கு ஒரு மறைப்பு.

மறைப்பு என்றால் வெய்யிலுக்கும்தான். கிடுகை நெருக்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி வைக்கும்போது ஓலைகளுக்கிடையே காற்று தங்கிவிடுகிறது. தங்கிய காற்று வெக்கையை எளிதில் உள்ளே கடத்தாது. செத்தையின் இடுக்குகள் வழியே சோளகக் காற்று நுழைந்து வெளியேறும். ஓலை சூட்டைச் சேமித்து வைப்பதுமில்லை. பொழுது பட்டதும் வீடு ஆறிவிடும். கல்வீட்டுச் சுவர் இரவிலும் அனல் விடும்.

1995 அக்டோபர் 30 இல் போரால் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது ஒரு கொட்டில் போடக் கிடுகு கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2009 இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேறியவர்களுக்குத் தகரம் வந்தது. தகரம் மழையை நிறுத்தும், உக்காது. ஆனால் சித்திரை வெய்யிலில் நண்பகலில் உள்ளே இருக்க முடியாது. அதனால் தகரத்துக்கு மேலே கிடுகு பரப்பி, பறக்காமல் பனைமட்டையால் பாரம் வைத்தார்கள். ஒழுக்குக்குத் தகரம், வெக்கைக்குக் கிடுகு.