கீழூரில் 178 பேர்: ஒரு யூனியனை விட்டு நாம் வெளியேறிய கதை

இந்த எபிசோடை ஒரு பஸ் பயணத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊர் கண்டாச்சிபுரம். காலேஜ் படிக்கிற காலத்துல லீவு விட்டா, விழுப்புரம் வந்து பாண்டிச்சேரி பஸ் பிடிப்போம். வளவனூர் தாண்டினதும் மதகடிப்பட்டு, திருபுவனை. அது புதுச்சேரி. கொஞ்ச தூரம் போனா கண்டமங்கலம். அது எங்க விழுப்புரம் மாவட்டம். அப்புறம் அரியூர், வில்லியனூர். மறுபடியும் புதுச்சேரி. ஒரு மணி நேரப் பயணத்துல எல்லை மாறிக்கிட்டே இருக்கும். பஸ்ல இருக்கிறவங்களுக்கு அது தெரியறதே ஒயின் ஷாப் போர்டையும் பெட்ரோல் விலையையும் வெச்சுத்தான்.

இதை ஒரு ஜோக்காத்தான் நான் பார்த்துக்கிட்டிருந்தேன். எங்க ஆயா ஒரு விஷயம் சொல்ற வரைக்கும். அதைக் கடைசியில சொல்றேன்.

2016 ஜூன் 23. பிரிட்டன் மக்கள் ஐரோப்பிய யூனியனில் இருப்பதா, வெளியேறுவதா என்று ஓட்டுப் போட்டார்கள். 51.9 சதவீதம் பேர் வெளியேறலாம் என்றார்கள். அதற்குப் பிறகு மூன்றரை வருஷம் பேச்சுவார்த்தை. கேமரூன் போனார், தெரசா மே வந்தார், அவரும் போனார், போரிஸ் ஜான்சன் வந்தார். 2020 ஜனவரி 31-ல்தான் வெளியே வந்தார்கள். எங்க ஆபீஸ்ல பிரிட்டன் கிளையண்ட் டீமோட கால் பேசும்போதெல்லாம் இந்தப் பேச்சு வரும். ஓட்டுப் போட்டவர்களே, நாங்க எதுக்கு ஓட்டுப் போட்டோம் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள்.

அப்போ எனக்குத் தோன்றிய கேள்வி இது: நம்ம பக்கத்துல யாராவது இப்படி ஒரு யூனியனை விட்டு வெளியே வந்திருக்காங்களா? விடை எங்க ஊர்ல இருந்து ரெண்டு பஸ் மாறினா வந்துடற தூரத்துல இருந்தது. கீழூர் என்கிற கிராமம்.

முதல்ல பின்னணி. 1946-ல் பிரான்ஸ் ஒரு புது அரசியல் சட்டம் எழுதியது. அதில் தன் காலனிகளையெல்லாம் சேர்த்து 'பிரெஞ்சு யூனியன்' என்று பெயர் வைத்தது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், வங்காளத்தில் சந்திரநாகூர் என்ற ஐந்து ஊர்களும் அதில் அடக்கம். 1947 ஆகஸ்டில் சுற்றியிருந்த இந்தியா சுதந்திரம் அடைந்தது. இவர்கள் மட்டும் அப்படியே இருந்தார்கள்.

அந்த அரசியல் சட்டத்தின் 27-ஆவது பிரிவு முக்கியமானது. சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் எந்தப் பகுதியையும் இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க முடியாது என்கிறது அது. இந்தக் கதை முழுவதையும் ஓட்டுவது அந்த ஒரு வரிதான். மக்களின் சம்மதம் என்றால் என்ன? அதை எப்படிக் கேட்பது? யாரிடம் கேட்பது?

1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஒப்புக்கொண்டன: அந்தந்த ஊர் மக்களே முடிவு செய்யட்டும். சந்திரநாகூரில் நேரடியாக ஓட்டெடுப்பு நடந்தது. 1949 ஜூன் 19. இந்தியாவோடு சேர 7,463 ஓட்டு, எதிராக 114. அங்கே விஷயம் முடிந்தது.

புதுச்சேரி அவ்வளவு எளிதாக இல்லை. 1948 அக்டோபரில் நடந்த நகராட்சித் தேர்தல்களில் ஜெயித்தது எதுவார் குபேரின் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி. அவர்கள் நிலைப்பாடு, பிரெஞ்சு யூனியனுக்குள்ளேயே இருப்போம், சுயாட்சி வேண்டும் என்பது. அந்தத் தேர்தலில் மிரட்டலும் அடிதடியும் முறைகேடும் நடந்ததாகக் கடும் புகார்கள் எழுந்தன. ஆனாலும் காகிதத்தில் பார்த்தால், 1948-ல் புதுச்சேரியின் 'மக்கள் கருத்து' இருப்பதுதான், போவது இல்லை.

இங்கே நிறுத்தி ஒரு விஷயம் யோசிக்கணும். அந்த ஓட்டு முழுக்கப் பொய் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனா பிரான்ஸோடு இருப்பதில் நிஜமாகவே பிழைப்பும் மரியாதையும் கண்டவர்கள் இருந்தார்கள்.

யார் அவர்கள்? ஒன்று, 'சொல்தா' குடும்பங்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பென்ஷன் வாங்குகிறவர்கள். கொடி மாறினால் பென்ஷன் வருமா என்பது அவர்களுக்குச் சோற்றுப் பிரச்சினை. இரண்டு, 1881-ல் வந்த ஓர் ஆணையின்படி, சாதி வழக்கங்களை உள்ளடக்கிய தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள். ஒரு கையெழுத்துப் போட்டு, குடும்பத்துக்குப் புதுப் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒருவருக்கு அந்தக் கையெழுத்து என்னவாக இருந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. மூன்று, வியாபாரிகள். 1949-ல் இந்தியாவுக்கும் பிரெஞ்சிந்தியாவுக்கும் இடையே இருந்த சுங்க ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. எல்லையில் சாவடிகள் முளைத்தன. வெளிநாட்டுச் சரக்கு புதுச்சேரிக்கு வந்து இறங்கியது, இரவில் எல்லை தாண்டியது. எல்லை இருந்தால்தான் அவர்களுக்கு லாபம்.

எதிர்ப்பக்கம் யார்? ஆலைத் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். 1936 ஜூலை 30-ல், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படையினர் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் 1937-ல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்தத் தொழிலாளர்களைத் திரட்டிய வ. சுப்பையா கடைசிவரை பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த பெயர்களில் முதன்மையானவர். மாணவர்கள், காங்கிரஸ்காரர்கள், பிறகு எல்லையோரக் கிராமத்துக்காரர்கள். இந்தக் கடைசி ஆட்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. நிலம் ஒரு நாட்டில், கிணறு இன்னொரு நாட்டில் என்றால் அவர்கள் என்ன தத்துவம் பேசுவார்கள்? சாவடியை எடுத்தால் போதும் என்பார்கள்.

அடுத்த ஆறு வருஷத்தில் கதை தலைகீழாகிறது. 1950-களின் தொடக்கத்தில் இந்தியா, இந்தச் சூழலில் நேர்மையான ஓட்டெடுப்பு நடக்காது, நேரடியாக ஒப்படையுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தது. பிரான்ஸ், 27-ஆவது பிரிவு இருக்கிறதே, மக்களைக் கேட்காமல் எப்படி என்றது. காலனி வைத்திருந்தவர்கள் ஓட்டெடுப்பு வேண்டும் என்கிறார்கள், காலனியை எதிர்த்தவர்கள் வேண்டாம் என்கிறார்கள். வேடிக்கைதான்.

1954 மார்ச் 18. குபேரும் அவரோடு இருந்த கொம்யூன் மேயர்களும், ஓட்டெடுப்பே தேவையில்லை, உடனே இந்தியாவோடு இணைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். யூனியனுக்குள் இருப்போம் என்று ஜெயித்த அதே குபேர். மார்ச் கடைசியில் அவர் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றி, அங்கே ஒரு தற்காலிக அரசை அமைத்தார். நெட்டப்பாக்கம் விழுப்புரத்துக்குப் பக்கத்துல.

ஏன் மாறினார்? பிரெஞ்சு நிர்வாகம் அவர்மீது ஊழல் புகார்களில் நடவடிக்கைக்குத் தயாரானது ஒரு காரணம் என்று வரலாற்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். இந்தியா எல்லையை இறுக்கி, பொருள் போக்குவரத்தை நெருக்கியது இன்னொரு காரணம். அவர் மாறிய பிறகு உலகமும் மாறிக்கொண்டிருந்தது. 1954 மே 7-ல் வியட்நாமில் தியன் பியன் பூ கோட்டை விழுந்தது. ஜூனில் ஏனாம் பிரெஞ்சு நிர்வாகத்தின் கையை விட்டுப் போனது. ஜூலையில் மாஹேயும். அதே ஜூலையில் ஜெனீவாவில் இந்தோசீனப் போர் முடிவுக்கு வந்தது. இந்தோசீனாவையே விட்டுவிட்ட பிரதமர் மெந்தேஸ் பிரான்ஸ், புதுச்சேரிக்காக இந்தியாவோடு மல்லுக்கட்டுவாரா?

நீங்க பாண்டிச்சேரி போனா போட்டோ எடுக்கிற கடற்கரைச் சாலை இருக்கே, அதன் பெயர் குபேர் அவென்யூ. அதே குபேர்தான். 1963-ல் யூனியன் பிரதேசத்தின் முதல்வராகவும் ஆனார்.

ஆனால் 27-ஆவது பிரிவு அப்படியே நிற்கிறது. ரெண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எங்க பாஷையில சொன்னா ஒரு 'ஒர்க்கரவுண்ட்'. எல்லா மக்களையும் கேட்க வேண்டாம். மக்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த சட்டமன்ற, நகராட்சிப் பிரதிநிதிகளைக் கூப்பிட்டுக் கேட்போம்.

1954 அக்டோபர் 18. கீழூர். 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170. எதிராக 8. மூன்று நாளில் டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது.

மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த பகுதிக்கு 178 பேர். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த 178 பேரும் எந்தத் தேர்தல் முறையில் வந்தவர்கள்? நேர்மையான ஓட்டெடுப்பு நடத்த முடியாது என்று எந்தச் சூழலைக் காட்டிச் சொன்னார்களோ, அதே சூழலில் தேர்வானவர்கள். தேர்தலை நம்ப முடியாது, அந்தத் தேர்தலில் வந்தவர்களை நம்பலாம் என்பது கோட் ரிவ்யூவில் நிற்காது.

இதைச் சொன்னதும், அப்போ மக்களுக்கு இணைப்பு பிடிக்கலையா என்று கேட்பீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. 1955-ல் நடந்த தேர்தலில் மோதியது காங்கிரஸும், கம்யூனிஸ்டுகள் இருந்த மக்கள் முன்னணியும். பிரான்சிடம் திரும்பிப் போவோம் என்று எந்தப் பெரிய கட்சியும் நிற்கவில்லை. எல்லோரையும் கேட்டிருந்தாலும் பெரும்பான்மை இந்தியா பக்கம்தான் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. கேட்டாலும் அதே விடைதான் வரும் என்பதற்காகக் கேட்காமல் விடலாமா? என் குழப்பம் அங்கேதான்.

கதை 1954-ல் முடியவில்லை. இணைப்பு உடன்படிக்கை 1956 மே 28-ல் கையெழுத்தானது. ஆனால் அப்போது அல்ஜீரியாவில் போர். இங்கே ஓர் ஊரைச் சட்டப்படி விட்டுக்கொடுத்தால் அங்கே என்ன பதில் சொல்வது? அல்ஜீரியா சுதந்திரம் அடைந்த 1962 ஜூலையில்தான் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி மாற்றம். ப்ரொடக்‌ஷன்ல எட்டு வருஷமா ஓடிக்கிட்டிருந்த விஷயத்துக்கு டாக்குமெண்ட்ல கையெழுத்து விழுந்தது அன்றைக்குத்தான். கீழூர் நினைவிடத்தில் வருஷா வருஷம் அந்த நாளில் கொடி ஏற்றுகிறார்கள்.

என்னைப் பொறுத்தவரை நிஜமான ஓட்டெடுப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அந்த நாளிலிருந்து ஆறு மாதம். புதுச்சேரியில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுக்காவிட்டால் இந்தியக் குடிமக்கள். முதல் முறையாக ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கேள்வி போனது. சில ஆயிரம் பேர் பிரான்சைத் தேர்ந்தெடுத்தார்கள். விவரம் தெரியாமலே காலக்கெடு கடந்து போனவர்கள் உண்டு என்ற பேச்சைப் புதுச்சேரியில் இன்றும் கேட்கலாம். அன்று கையெழுத்துப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் புதுச்சேரியில் வரிசையில் நின்று பிரெஞ்சு அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள். ஒரே தெருவில் ஒரு வீடு பாரிஸ் பார்த்தது, அடுத்த வீடு இங்கேயே இருந்தது. கையெழுத்துப் போட்டதா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

பிரிட்டனில் எல்லோரையும் கேட்டார்கள், விவரத்தைச் சொல்லவில்லை. இங்கே விவரத்தை அதிகாரிகள் பேசினார்கள், எல்லோரையும் கேட்கவில்லை. பென்ஷன் என்னாகும், பிரெஞ்சு மொழி என்னாகும், குடியுரிமை என்னாகும் என்று அந்த உடன்படிக்கை வரி வரியாகச் சொல்கிறது. பயந்தவர்களின் பயத்துக்குக் காகிதத்தில் ஒரு பதில் இருந்தது. அதற்கான மரியாதையை நாம் கொடுக்கத்தான் வேண்டும்.

இப்போ ஆயா கதை. ஆயாவுக்கு 1954-ல் பத்து வயசு. அவங்க அக்காவை மதகடிப்பட்டு பக்கம் கட்டிக் கொடுத்திருந்தாங்க. அந்த வருஷம் அவங்க அப்பா இறந்துட்டார். அக்கா குழந்தையைத் தூக்கிக்கிட்டு மாட்டு வண்டியில கிளம்பி வந்திருக்காங்க. சாவடியில சீட்டு இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வயல் வழியா சுத்தி, நடந்தே வந்து சேர்ந்தப்போ எல்லாம் முடிஞ்சு வீடு கழுவி விட்டிருந்தது. மூணு மாசத்துல அந்தச் சாவடியே இல்லாமப் போச்சு.

நான் கீழூர் போய்ட்டு வந்து, ஆயாகிட்ட அந்த 178 பேர் கதையை உட்கார்ந்து சொன்னேன். நீங்களா இருந்தா எதுக்கு ஓட்டுப் போட்டிருப்பீங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க.

"எங்கக்காவைக் கேட்டிருக்கணும்டா"ன்னாங்க. அவ்வளவுதான்.

அடுத்த முறை விழுப்புரம் - பாண்டிச்சேரி பஸ்ல போனீங்கன்னா, திருபுவனைக்கும் கண்டமங்கலத்துக்கும் நடுவுல கொஞ்சம் ஜன்னல் வழியா வெளியே பாருங்க. உங்க வீட்டுல அந்தக் காலத்துச் சாவடிக் கதை ஏதாவது இருந்தா, பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வெச்சுக்கோங்க.