இந்தியாவில் தங்க இறக்குமதி வரி

வெளிநாட்டிலிருந்து வரும் தங்கக் கட்டிகளுக்கும் நகைகளுக்கும் இந்திய அரசு விதிக்கும் சுங்க வரி. கோலார் தங்கவயல் 2001இல் மூடப்பட்டபின் உள்நாட்டில் கிடைப்பது ஆண்டுக்கு ஒன்றிரண்டு டன்தான்; தேவையோ பல ஆண்டுகளில் 700 டன்னைத் தாண்டியிருக்கிறது. ஆகவே டெல்லியில் வரி மாறினால் தியாகராய நகர் கடைகளின் விலைப்பலகையில் சவரன் விலை அன்றே மாறும். இந்த வரி ஏறியதும் இறங்கியதும் பெரும்பாலும் அரசின் டாலர் இருப்பைப் பொறுத்தே நடந்தது. நகைப் பட்டறையில் உட்கார்ந்திருப்பவரின் நிலை கணக்கில் சேர்ந்தது அபூர்வம்.

1947இன் அந்நியச் செலாவணிச் சட்டம் தங்க இறக்குமதியைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. அதன்பின் நாற்பதாண்டுகளுக்கு மேல் சாமானியருக்கு வரி விகிதம் என்ற பேச்சே எழவில்லை, வழியே அடைபட்டிருந்தது. சீனப் போரை அடுத்து 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். புதிய நகைகள் 14 காரட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்றது விதி. 22 காரட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு தங்கம். 14 காரட்டில் ஐம்பத்தெட்டு. செம்பும் வெள்ளியும் கூடியதால் கெட்டியான அந்த உலோகம், 22 காரட்டின் நெகிழ்வுக்குப் பழகிய கைகளுக்கு வசப்படவில்லை. வாங்குவோரும் அதை நகையாக மதிக்கவில்லை. நாடு முழுவதும் பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பிழந்தன, தற்கொலைகளும் நடந்தன. 1966இல் காரட் வரம்பு தளர்ந்தது. ஆனால் 1968இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் தனிமனிதர் கட்டியோ நாணயமோ வைத்திருப்பதைத் தடுத்தது. ஆசாரிகளுக்கு உரிமம், பதிவேடு, எடை வரம்பு என்று தளைகளை நிரந்தரமாக்கியது. இந்த வரலாற்றில் மிகக் கொடிய பகுதி இதுவே. போருக்கான செலவை ஈடுகட்ட, ஒரு தொழிற்சாதியின் வயிற்றில் அடித்தார்கள்.

தங்கத்தின் வரத்து மட்டும் நிற்கவில்லை. துபாயிலிருந்து படகுகளில் ‘பிஸ்கட்’ வந்தது. ஒரு பிஸ்கட் பத்து தோலா, அதாவது 116.64 கிராம், உள்ளங்கையில் அடங்கும். இவற்றை வரிசை வரிசையாகச் செருக உள்சட்டைகளில் சிறு பைகள் தைத்தார்கள். ராமநாதபுரம் பனைக்குளத்தில் பிறந்து பம்பாய்த் துறைமுகத்தில் சுமை தூக்கிய ஹாஜி மஸ்தான் கடத்தல் உலகில் பெயர் பெற்றது இக்காலத்தில்தான். கடத்தல்காரர்களை விசாரணையின்றிக் காவலில் வைக்க 1974இல் காஃபிபோசா சட்டம் வந்தது.

தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே டாலர் பற்றாக்குறையால் அரசு 20 டன் தங்கத்தை விற்றது, ஏறத்தாழ 47 டன்னை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்தது. அந்த நெருக்கடிக்குப் பின் 1992இல் மன்மோகன் சிங் வெளிநாடுவாழ் இந்தியர் ஐந்து கிலோ வரை வரி கட்டிக் கொண்டுவரலாம் என்றார். 1997இல் வங்கிகளுக்கும் கதவு திறந்தது. அப்போது வரி எடைக்கணக்கில் இருந்தது: பத்து கிராமுக்கு 220 ரூபாய் என்று இருந்தது, 2003இல் 100 ரூபாய் ஆனது, 2010இல் 300. தங்கம் ஏறிய வேகத்தில் 2011இல் அந்த 300 ரூபாய் விலையில் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். உயிரைப் பணயம் வைத்துக் கடத்த அதில் லாபமில்லை. பழைய பிஸ்கட் வியாபாரம் சுருங்கியது.

2012 ஜனவரியில் எடைக்கணக்கு போய் மதிப்புக்கணக்கு வந்தது: இரண்டு சதவீதம். மார்ச்சில் நான்கு. 2012-13இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதத்தைத் தொட, சிவகங்கைக்காரரான நிதியமைச்சர் ப. சிதம்பரம் 2013 ஜனவரியில் வரியை ஆறாகவும், ஜூனில் எட்டாகவும், ஆகஸ்டில் பத்தாகவும் உயர்த்தினார். மக்கள் தங்கம் வாங்குவதைத் தள்ளிவைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். இறக்குமதியில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிக்கு ஒதுக்கச் சொன்ன 80:20 விதி 2014 நவம்பர் வரை நீடித்தது. பற்றாக்குறை இறங்கியது உண்மை. அதே வேகத்தில் கடத்தலும் திரும்பியது. இம்முறை சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பசையாகக் குழைத்தும், மாத்திரை வடிவில் உடலுக்குள் மறைத்தும் தங்கம் வந்தது.

இலங்கையிலிருந்து கடல்வழியும் சூடுபிடித்தது. தன் நாட்டில் இறக்குமதியாகும் தங்கம் இந்தியாவுக்குக் கடத்தப்படுவதைக் கண்டு, கொழும்பு 2018 ஏப்ரலில் தானே 15 சதவீத வரி விதித்தது. 2023 மே இறுதியில் மன்னார் வளைகுடாவில் 32 கிலோவுக்கு மேல் தங்கம் பிடிபட்டது; அதில் ஒரு பகுதி படகிலிருந்து கடலில் வீசப்பட்டு, முக்குளிப்போரால் மீட்கப்பட்டது.

நேர்வழியில் வருவோருக்கும் வரி கருணை காட்டவில்லை. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் ஆண் 20 கிராம், பெண் 40 கிராம் நகை வரியின்றிக் கொண்டுவரலாம் என்றது 2016ஆம் ஆண்டின் பயணப்பொதி விதி. ஆனால் மதிப்பு முறையே ஐம்பதாயிரம், ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது என்றும் அது சொன்னது. 2023இல் ஐம்பதாயிரத்துக்குப் பத்து கிராம்கூடக் கிடைக்காது. வளைகுடாவில் வீட்டுவேலை செய்து மகள் கல்யாணத்துக்கு வளையல் வாங்கிவந்த பெண், சுங்க மேசையில் ரசீதை நீட்டி நிற்க வேண்டியதாயிற்று. எடையை மட்டும் வைத்தே அந்த விதியை எழுதியிருக்கலாம்.

நிர்மலா சீதாராமன் 2019 ஜூலையில் வரியை 12.5 சதவீதமாக்கினார். 2021இல் அடிப்படை வரி குறைந்து, வேளாண் கட்டமைப்புத் தீர்வையும் கூடுதல் தீர்வையும் சேர்த்து 10.75 ஆயிற்று, ரூபாய் சரியவே 2022 ஜூலையில் 15. பிறகு 2024 ஜூலை 23ஆம் தேதி பட்ஜெட்டில் ஒரேயடியாக ஆறு சதவீதமாக இறங்க, அன்றைக்கே சென்னையில் சவரன் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் சரிந்தது.

வரி உயர்ந்திருந்த காலத்தின் மற்றொரு விளைவு பிளாட்டினம். சுங்கப் பட்டியலின் 71ஆம் அத்தியாயக் குறிப்பின்படி, எடையில் இரண்டு சதவீதம் பிளாட்டினம் கலந்தாலே அந்த உலோகக்கலவை பிளாட்டினமாகவே கருதப்படும். மீதி தொண்ணூறுக்கு மேல் தங்கமாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது தங்கமில்லை. 2022 மே மாதம் நடப்புக்கு வந்த ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தம் பிளாட்டினத்துக்குச் சலுகை தந்திருந்ததால், இக்கலவையை இறக்கி, உருக்கி, தங்கத்தைப் பிரித்தெடுத்தார்கள். 2024இன் வரிக்குறைப்பு இதன் ஆதாயத்தைக் குறைத்தது. 2025இல் 99 சதவீதத்துக்குக் குறைந்த தூய்மையுள்ள பிளாட்டினத்தின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது.