கல்முனைப் பஸாரும் இரண்டு கடன் கொப்பிகளும்

கல்முனைப் பிரதான வீதியில் சென்ற நோன்புப் பெருநாளுக்கு முன்னர் ஓர் உணவுக்கடை திறந்தார்கள். வாசலில் வண்ண விளக்குகள், உள்ளே மந்திச் சோறு, சுட்ட கோழி. முதல் வாரம் இடம் பிடிக்க வரிசையில் நின்றோம். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தபோது கதவில் பூட்டுத் தொங்கியது. 'கடை வாடகைக்கு உண்டு' என்று ஒரு மட்டையில் எழுதிக் கட்டியிருந்தார்கள்.

அந்தத் துண்டு நிலத்தில் எனக்குத் தெரிய அது ஐந்தாவது கடை. முதலாவது, என் உம்மாவின் வாப்பா, அதாவது என் மூத்தவாப்பா நடத்திய தேத்தண்ணிக்கடை. நமது ஊர் வரலாறுகளைப் பள்ளிவாசல்களைக் கொண்டும், குடிகளைக் கொண்டும், பாராளுமன்ற உறுப்பினர்களைக் கொண்டும் எழுதியிருக்கிறோம். பஸாரைக் கொண்டு எழுதியது குறைவு. ஆகவே இந்த ஒரு துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் பேசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

வட்டையும் வீதியும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றரில் கல்முனை. கிழக்கே கடல். மேற்கே வாவியின் தொங்கலும் அதற்கப்பால் வயல் வட்டைகளும். நற்பிட்டிமுனையைத் தாண்டினால் கிட்டங்கித் தாம்போதி. கிட்டங்கி என்றால் பண்டகசாலை. நெல்லும் பண்டமும் கைமாறிய ஒரு துறையின் நினைவு அந்தப் பெயரில் தங்கியிருக்கலாம். வடக்கே பாண்டிருப்பும் மருதமுனையும் பெரியநீலாவணையும், தெற்கே கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் காரைதீவும் நிந்தவூரும். தமிழூரும் முஸ்லிம் ஊரும் இப்படி மாறி மாறிக் கோர்த்துக் கிடக்கிற கரையில் எல்லாருக்கும் பொதுவான இடமாக இருந்தது பஸார்தான்.

மூத்தவாப்பாவின் கடை சுபஹுக்கு முன்னரே திறந்துவிடும். வட்டைக்குப் போகிறவர்களுக்குப் பிளேன்டீயும் ரொட்டியும், பகலில் சோறும் மீன் ஆணமும். பெரும்பாலும் கடன்தான். "சூடடிச்சுப் போட்டுத் தாறன் காக்கா" என்பது அன்றைய காசோலை. மாரிப்போக வெள்ளாமை மாசி, பங்குனியில் வீடு வந்து சேரும் வரைக்கும் கொப்பியில் எழுதிக்கொண்டே போவார். அறுவடை முடிந்ததும் பஸாரில் புடவைக்கடை, நகைக்கடை எல்லாம் நிரம்பும், தேத்தண்ணிக்கடைக் கணக்கும் தீரும். வெள்ளம் வந்து வெள்ளாமை அழிந்தால் அடுத்த போகம் வரை பொறுக்க வேண்டும். பொறுக்க முடியாத கடைகள் மூடப்பட்டன. எனவே அந்தக் காலத்துக் கடையின் ஆயுளைத் தீர்மானித்தது மழைதான். வியாபாரத் திறமை அதற்குப் பிறகுதான்.

அவருடைய கடன் கொப்பிகளில் இரண்டு என்னிடம் இருக்கின்றன. பெயர்களைக் காட்டிலும் தொழிலும் ஊரும்தான் அவற்றில் அதிகம்: பாண்டிருப்பு ஆசாரி, நற்பிட்டிமுனை வண்டில்காரர், மருதமுனை நெசவுகாரர், காரைதீவு வாத்தியார். எல்லாம் அறபுத் தமிழில் எழுதியது. பாதிக் கடன்காரருக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. தன் பெயருக்கு நேரே என்ன எழுதப்படுகிறது என்று தெரியாமலேயே ஒரு மனிதர் வருடக்கணக்காகக் கடன் வைத்து, சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்தக் கொப்பிகளை நான் வரலாற்று ஆவணம் என்று சொல்வது அதனால்தான்.

கடை மருமகனுக்கு

1970 முதல் 1977 வரை நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு. பாணுக்கும் மாவுக்கும் வரிசை. அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகவும் கட்டுப்பாடு. சாப்பாட்டுக்கடைகளுக்கு அது கஷ்டகாலம், ஆனால் வெளிநாட்டுத் துணி வராததால் மருதமுனைத் தறிகளுக்கு நல்ல காலம். 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்ததும் இது தலைகீழானது. புடவைக்கடைகள் பெருகின, தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஒரு கதவு திறந்ததால் இன்னொன்று மூடியது.

1978 நவம்பரில் சூறாவளி வந்து தேத்தண்ணிக்கடையின் கூரையைக் கொண்டுபோயிற்று. மூத்தவாப்பா திரும்பக் கட்டவில்லை. அந்த நிலம் சாச்சிக்குச் சீதனமாகப் போனது. புடவைக்கடை போட்டவர் சாச்சா.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கிழக்குக் கரையில் வீடும் வளவும் பெண்மக்களுக்கே போகின்றன. வீட்டோடு ஒட்டிய கடையும் சேர்ந்தே போகிறது. சிறுவயதிலிருந்து அந்தக் கடையில் கோப்பை கழுவித் தொழில் பழகிய என் மாமாமார் இருவருக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை. ஒருவர் பெண் எடுத்த அக்கரைப்பற்றிலே குடியேறினார், மற்றவர் சவூதிக்குப் போனார். தொழில் தெரிந்தவர் ஓரிடம், கடை ஓரிடம். வாப்பாவின் பெயரிலேயே மூன்று தலைமுறையாக நடக்கிற கடைகள் நமது பஸாரில் அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நமது பெண்கள் தலைக்கு மேல் கூரையோடு வாழ்வது இந்த வழக்கத்தால்தான். அதற்குக் கடைப்பெயர்கள் விலையாகப் போயின.

பூட்டுகளின் காலம்

1990 ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் புலிகளிடம் வீழ்ந்தன. பின்னர் இராணுவம் கல்முனைக்குள் வந்தது. தமிழ் மக்கள் பலர் கொல்லப்பட்டார்கள், காணாமல் ஆக்கப்பட்டார்கள். ஜூலை 12இல் குருக்கள்மடத்தில் முஸ்லிம் பயணிகள் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் வியாபாரிகளும் இருந்தார்கள். ஓகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்ததை நான் இங்கே விளக்க வேண்டியதில்லை. சரக்கு வருகிற வீதியே பயமான வீதியாயிற்று. சாச்சா கடையைப் பூட்டினார். பாண்டிருப்பு வாடிக்கையாளர்கள் நமது பக்கம் வரவில்லை, நாமும் அந்தப் பக்கம் போகவில்லை. வீடு கட்ட ஆசாரியைத் தேடியபோதுதான் எத்தனை பேர் இல்லாமற் போனார்கள் என்பது எங்களுக்கே உறைத்தது.

போருக்குள்ளேயும் மூன்றாவது கடை திறந்தது: ஒரு 'கொமியுனிகேஷன்'. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ரெலிபோன், சுவரில் மணிக்கூடு. சவூதி, குவைத், கட்டார் என்று பணிப்பெண்களாகப் போன உம்மாமாரோடு பேசப் பிள்ளைகள் வந்து குந்தியிருப்பார்கள். "உம்மா எப்ப வாற?" என்று கேட்பதற்குள் நிமிடம் முடிந்துவிடும். அந்தப் பெண்களின் சம்பளம்தான் பஸாரின் நகைக்கடைகளையும் தளபாடக் கடைகளையும் நிமிர்த்தியது. பெயர்ப்பலகைகளில் அவர்கள் எவருடைய பெயரும் இல்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோர் மௌத்தானார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அவ்வளவு இழக்கவில்லை. கரையோரச் சில்லறைக்கடைகள் கணக்கின்றி அழிந்தன. எனக்குத் தெரிந்த ஒருவர் கடலோரத்தில் மளிகைச் சாமான் விற்றவர். கடை போயிற்று, ஆனால் கடன் கொப்பி வீட்டுப் பரணில் தப்பியிருந்தது. பெயர்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் நடுப்பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கொப்பியைக் கிழித்தார். "வாசிக்க ஏலாது தம்பி, எல்லாம் மையித்துக்கள்ட பேரு" என்றார். பிறகு அவர் கடை போடவேயில்லை.

மாக்கட்டி

சுனாமிக்குப் பிந்திய உதவிப் பணமும், 2009இல் போர் முடிந்து வீதிகள் திறந்ததும் பஸாரை வளர்த்தன. நமது துண்டு நிலத்தில் நான்காவதாக ஒரு பேக்கரி வந்தது. நன்றாகத்தான் ஓடியது.

2018 பெப்ரவரி 26 இரவு, காரைதீவுச் சந்தியிலிருந்து மேற்கே போனால் வருகிற அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக்கடையில் கறிக்குள் கருத்தடை மருந்து கலந்திருப்பதாக ஒரு கதை கிளம்பியது. கூட்டம் கூடிக் கடையை உடைத்தது. பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் சொன்னது, அது வெறும் மாவுக்கட்டி என்று. அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பின்னர் முஸ்லிம் கடைகளில் வாங்காதே என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. மற்றவன் கையால் சோறு வாங்கித் தின்பது நம்பிக்கையின் கடைசிப்படி. அந்தப் படியிலேயே கை வைத்தார்கள்.

பேக்கரியை மூடியது பகை அல்ல. 2022இல் எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மாவு விலை ஏறிக்கொண்டே போனது, நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. வேலை செய்த பையன்களைக் கூப்பிட்டுக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

நாமே போடும் பூட்டு

இப்போது வளர்ச்சிக் காலம். ஜூஸ் கடை, ஷவர்மா, மந்தி, சுப்பர் மார்க்கட் என்று வீதி நிறைந்திருக்கிறது. கட்டடம் உயர உயர வாடகையும் முற்பணமும் உயர்கின்றன. ஒருவர் மந்தி போட்டு நாலு பேர் வந்தால், மறு மாதம் அதே வரிசையில் மூன்று மந்திக்கடை. இப்னு கல்தூன் 1377இல் எழுதி முடித்த முகத்திமாவில், சமையற்காரர், பொற்கொல்லர், பொதுக் குளியலறை போன்றவை சனம் பெருகிச் செல்வம் நிறைந்த நகரங்களில்தான் நிலைக்கும் என்கிறார். தேவை இல்லாத ஊரில் ஆசைக்குக் கட்டினால் அவை விரைவில் பாழடையும் என்கிறார். நமது வீதியில் நடப்பது அதுதான். வெளிநாட்டுக் காசு கடை திறக்கப் போதும். அதை நடத்துவதற்குச் சுற்றுவட்டார ஊர்களெல்லாம் வர வேண்டும்.

அந்த ஊர்களை நாம் வரவிடுகிறோமா? பிரதேச செயலகம் யாருக்கு, நகரம் யாருக்கு என்று தமிழரும் முஸ்லிம்களும் வருடக்கணக்காக இழுபடுகிறோம். 2017இல் சாய்ந்தமருது தனிச்சபை கேட்டுக் கடையடைத்தது, கல்முனை எதிர்த்துக் கடையடைத்தது. சூறாவளியும் கடலும் போட்ட பூட்டை நாம் தடுத்திருக்க ஏலாது. இந்தப் பூட்டு நமது கையில் இருந்தது. எல்லையை வரைபடத்தில் எங்கே போட்டாலும், வாடிக்கையாளன் எல்லைக்கு அப்பாலிருந்துதான் வரவேண்டும் என்பதைப் பஸாரில் ஒரு நாள் உட்கார்ந்தவருக்குச் சொல்லத் தேவையில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீடு உடைத்துக் கட்டும்போது பழைய கடன் கொப்பி, பில் புத்தகம், வியாபார அனுமதிப் பத்திரம், கடை முகப்புப் படம் எதையும் குப்பையில் போடாதீர்கள். அறபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே வாசித்து எழுதிவையுங்கள். நமக்கும் அயலவருக்கும் இருந்த கொடுக்கல் வாங்கலுக்கு இவற்றை விட நேர்மையான சாட்சி கிடையாது.

மூத்தவாப்பாவின் இரண்டாவது கொப்பியின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டு வெட்டப்படாத வரிகள் பல. பாதிக்கு மேல் பாண்டிருப்பும் காரைதீவும். தீராத கடனா என்று உம்மாவிடம் கேட்டேன்.

"இல்ல மகன்" என்றார். "மௌத்தாகுறத்துக்கு முதல் எல்லாத்தையும் ஹலாலாக்கிட்டார். வெட்ட வேணாம், பேரு இரிக்கட்டும் எண்டு சொன்னவர்."